காசிமேட்டு லோடு வண்டில ஆக்சிஜன் சென்சார் மாத்துறது எப்படி

"மாமா, மஞ்சா இஞ்சின் லைட்டு எரிஞ்சிகினே கீது, வண்டில பிக்கப்பே இல்ல"ன்னு மச்சான் வந்து நின்னான். அவன்து பெட்ரோலும் சிஎன்ஜியும் ஓடுற சின்ன பிக்கப்பு, எந்த கம்பெனியா இருந்தாலும் நம்ம பக்கம் குட்டியானைன்னு தான் சொல்வோம், சென்னை காசிமேட்டுல விடியக்காத்தால மீன் ஏத்திக்கினு சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓட்டுறான். விஷயம் என்னன்னா அவன் ஏற்கனவே ஒரு ஷெட்ல காட்டி, ஆக்சிஜன் சென்சார் போச்சுன்னு சொல்லி, காசு குடுத்து புதுசு போட்டு, மூணாவது நாளே திரும்ப லைட்டு வந்துடுச்சு. புது சென்சார் மேல எந்த தப்பும் இல்ல. வயர் சேருற கப்ளர் உள்ள பின்னு எல்லாம் உப்பு பூத்து பச்சையா நின்னுச்சு, அவ்ளோதான். அதுக்கப்புறம் இந்த மீன்பிடி தடைக்காலத்துல என் வண்டில நிஜமாவே சென்சார் போச்சு, நானே கழட்டி மாத்துனேன். ரெண்டு வண்டியையும் பாத்ததுனால சொல்றேன், மாத்துறது பெரிய வேலை இல்ல, மாத்தணுமா வேணாமான்னு கண்டுபிடிக்கறது தான் வேலை. அதனால மொத பாதி முழுக்க அதத்தான் எழுதப்போறேன், பொறுமையா படிங்க.

இது பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்கு மட்டும். டீசல் பிக்கப்புல சென்சாரும் வேற, அது பாக்குற வேலையும் வேற, இத படிச்சிட்டு அதுல கை வைக்காதீங்க.

சென்சார் என்ன பண்ணுதுன்னு ஒரு தடவ மனசுல வாங்கிக்கோங்க, அப்பதான் அடுத்து சொல்றது எல்லாம் புரியும். சைலன்சர் பைப்புக்குள்ள மூக்க நீட்டிக்கினு ஒண்ணு உக்காந்திருக்கும், அது உள்ள சிர்கோனியான்னு ஒரு பீங்கான் மாதிரி பொருள். ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் வெளிக்காத்து, ரெண்டுலயும் இருக்கற ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி ஒரு சின்ன வோல்டேஜ் வரும். பெட்ரோல் அதிகமா எரிஞ்சா 0.9 வோல்ட் கிட்ட, காத்து அதிகமா இருந்தா 0.1 கிட்ட. ஈசியூ, அதாவது இஞ்சின ஓட்டுற கம்ப்யூட்டர், இத பாத்து பாத்து பெட்ரோல கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் கொறைக்கும், அதனால நல்லா இருக்கற சென்சார்ல இந்த வோல்டேஜ் மேலயும் கீழயும் சடசடன்னு ஆடிக்கினே இருக்கும். சூடாவாம இது வேலை செய்யாது, 300 டிகிரிக்கு மேல போனாதான் ஒழுங்கா சொல்லும், அதுக்காக உள்ளயே ஒரு ஹீட்டர் வச்சிருப்பாங்க. நாலு வயர் வர்றது அதனாலதான், ரெண்டு ஹீட்டருக்கு, ஒண்ணு சிக்னல், ஒண்ணு எர்த்.

புது புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டில பெரும்பாலும் ரெண்டு சென்சார் இருக்கும். சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒண்ணு, அதுதான் பெட்ரோல் அளவ முடிவு பண்றதுக்கு. பின்னாடி ஒண்ணு, அது கன்வெர்ட்டர் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு. மொதது போனா மைலேஜ் அடி வாங்கும், ஐடிலிங் ஆடும், புகைல பெட்ரோல் வாடை வரும், பொல்யூஷன் செக்குல சிஓ (கார்பன் மோனாக்சைடு) ஏறி நிக்கும். பின்னாடி இருக்கறது போனா லைட்டு மட்டும் எரியும், ஓட்டத்துல பெருசா தெரியாது.

சரி, லைட்டு எரியுது. மொதல்ல ஸ்கேனர் போடுங்க. டேஷ்போர்டுக்கு கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, போன்ல ஆப் போட்டா என்ன கோளாறுன்னு சொல்ற கோடு நம்பர் வந்துடும். பி0135ன்னா மொத சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட், பி0141ன்னா ரெண்டாவதோட ஹீட்டர் சர்க்யூட், பி0133ன்னா சென்சார் மெதுவா பதில் சொல்லுது, பி0134ன்னா ஆட்டமே இல்ல. இங்க நல்லா கவனிங்க, ஹீட்டர் "சர்க்யூட்"ன்னு தான் போட்டிருக்கு, ஹீட்டர் போச்சுன்னு போடல. சர்க்யூட்ன்னா ஃப்யூஸ், வயர், கப்ளர், எர்த் எல்லாம் சேத்துதான். 135ம் 141ம் ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா ரெண்டு சென்சாரும் ஒண்ணா சாகறதுக்கு வாய்ப்பு கம்மி, ஃப்யூஸ் பாக்ஸ தொறந்து பாருங்க மொதல்ல. பி0171, பி0172ன்னு லீன் (காத்து அதிகம்), ரிச் (பெட்ரோல் அதிகம்) கோடு வந்தா அத பாத்து சென்சார் வாங்க ஓடாதீங்க, சென்சார் உள்ளத உள்ளபடி தான் சொல்லிக்கினு இருக்கு, தப்பு வேற எங்கயோ.

சிஎன்ஜி வண்டி வச்சிருக்கறவங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு. ஒரே சென்சார் ரெண்டு எரிபொருளுக்கும் வேலை பாக்குது, அதனால பெட்ரோல்ல போட்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்க, கேஸ்ல போட்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்க. கேஸ்ல மட்டும் தொல்லை பண்ணி பெட்ரோல்ல சும்மா ஜம்முனு போச்சுன்னா சென்சார விட்ருங்க, கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர், கேஸ் இஞ்செக்டர் பக்கம் பாருங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி தொல்லைன்னா தான் சென்சார், வயர், சைலன்சர் லீக் பக்கம் வரணும்.

இப்ப கப்ளர். நம்ம பக்கத்து வண்டிங்களுக்கு இதுதான் முக்கியம், வேற ஊர்க்காரங்க எழுதுறதுல இது வராது. மீன் லோடுன்னா ஐஸ் உருகி உப்புத்தண்ணியும் மீன் தண்ணியும் சேந்து பாடி இடுக்கு வழியா ராத்திரி பூரா கீழ சொட்டிக்கினே வரும். கீழ என்ன இருக்கு? சைலன்சர், வயரிங், சென்சார் கப்ளர். போதாததுக்கு கடக்காத்து வேற. மச்சான் வண்டில அந்த கப்ளர கழட்டறதுக்கே கால் மணி நேரம் ஆச்சு, லாக் அமுங்கவே இல்ல. கழட்டி டார்ச் அடிச்சு பாத்தா உள்ள ரப்பர் சீல் ஒரு பக்கம் பிஞ்சு மடிஞ்சிருக்கு, நாலு பின்னுல ரெண்டு பின்னு மேல பச்சை மாவு, விரல் நகத்தால சொரண்டினா பொலபொலன்னு கொட்டுது, அடில பின்னு பாதியா தேஞ்சு போயிருக்கு. புது சென்சார் பக்கத்து பின்னு பளபளன்னு இருக்கு, வண்டி பக்கத்து பின்னு இந்த கதி. இதுல எத்தன சென்சார் மாத்தினாலும் லைட்டு வரத்தானே செய்யும். வண்டி பக்க கப்ளர மட்டும் மாத்தினோம், லைட்டு போயிடுச்சு. அவனோட பழைய சென்சார் நல்லதாவே இருந்திருக்கலாம், அந்த காசு அவனுக்கு நாலு நாள் டீசன்ட்டான வருமானம், அத நெனச்சாதான் எனக்கு ஆறல.

கப்ளர் சுத்தமா இருக்குன்னா அடுத்து சைலன்சர் லீக். வண்டி ஆறிப்போய் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி இஞ்சின்ல இருந்து சைலன்சர் பைப்பு ஆரம்பிக்கற மேனிஃபோல்டு ஜாயின்ட் கிட்ட காது குடுங்க, பட் பட்டுன்னு சத்தம் வந்தாலோ ஜாயின்ட்ட சுத்தி கரி படிஞ்சிருந்தாலோ லீக் இருக்கு. சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள போயி, சென்சார் காத்து அதிகம்னு சொல்லும், ஈசியூ அத நம்பி பெட்ரோல ஊத்தும். அப்ப கேஸ்கெட் தான் மாத்தணும்.

கடைசியா மல்டிமீட்டர். கப்ளர கழட்டி, சென்சார் பக்கத்துல ஒரே கலர்ல ரெண்டு வயர் இருக்கும் பாருங்க, அதுதான் ஹீட்டர். வண்டி ஆறியிருக்கும்போது அந்த ரெண்டு பின்னுல ஓம்ஸ் வச்சு பாருங்க. சில ஓம்ஸ்ல இருந்து ஒரு 15, 20 ஓம்ஸ் வரைக்கும் எதாவது காட்டுனா ஹீட்டர் உயிரோட இருக்கு. மச்சான் சென்சார்ல 9 காட்டுச்சு. என்னோடதுல மீட்டர் அசையவே இல்ல, ஓப்பன், ஹீட்டர் கட். அப்புறம் வண்டி பக்க கப்ளர்ல சாவி ஆன் பண்ணி ஒரு பின்னுல 12 வோல்ட் வருதான்னு பாத்தேன், வந்துச்சு. வயர் நல்லாருக்கு, சென்சார் போச்சுன்னு அப்பதான் முடிவுக்கு வந்தேன்.

பொருள் வாங்கறதுல ஒரு விஷயம். பழைய சென்சார் உடம்புல நம்பர் அடிச்சிருப்பாங்க, துடைச்சு போட்டோ எடுத்துக்கினு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோட்டுக்கு போங்க, அந்த நம்பர காட்டி கப்ளரோட வர்ற சென்சாரா வாங்குங்க. புதுப்பேட்டையில கழட்டுன சென்சார் கம்மி விலைல கிடைக்கும், கதவு கண்ணாடி எல்லாம் அங்க தாராளமா வாங்கலாம், ஆனா சென்சார் வேணாம், ஏற்கனவே எத்தன வருஷம் புகை குடிச்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது. கப்ளர் இல்லாம நாலு வயர் மட்டும் தொங்குற யுனிவர்சல் சென்சாரும் விக்கறாங்க. அதுல மாட்டிக்காதீங்க, கலர் குழப்பம் வரும். போஷ்ல வெள்ளை ரெண்டும் ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோல கருப்பு ரெண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். கருப்புக்கு கருப்புன்னு முறுக்கி டேப் சுத்தினா 12 வோல்ட் நேரா சிக்னல் வயர்ல போயி ஈசியூவையே அடிச்சிடும். வேற வழியே இல்லன்னா ஸ்லீவ் போட்டு நசுக்கி சேக்கற க்ரிம்ப் பண்ணுங்க, ஈயம் வச்சு பத்த வைக்காதீங்க, ஏன்னா இந்த சென்சார்ங்க வெளிக்காத்த அந்த வயரு இடுக்கு வழியா தான் இழுக்குது, ஈயம் ஓடி அடைச்சிட்டா தப்பா சொல்ல ஆரம்பிச்சிடும்.

வேலைக்கு முந்தின நாள் சாயந்திரம், சைலன்சர் நல்லா ஆறினதுக்கு அப்புறம், சென்சார் மரை மேல துரு கழட்டுற ஸ்ப்ரே அடிச்சு விட்ருங்க. சூடா இருக்கும்போது அடிக்கக்கூடாது, பத்திக்கும். தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லோடு கம்மி, நான் ராத்திரி ராத்திரியா மூணு நாள் அடிச்சேன், உங்களுக்கு அவசரம்னா ஒரு ராத்திரியாவது ஊறட்டும்.

அடுத்த நாள் காலைல வண்டிய சமமான தரைல நிப்பாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை குடுங்க. தூக்கணும்னா ஜாக்கிய மட்டும் நம்பி உள்ள போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க, தெருவுல நிறைய பேர் ரெண்டு கல்லு வச்சிட்டு உள்ள படுக்கறத பாக்கும்போது வயித்த கலக்குது. சிஎன்ஜி சிலிண்டர் வால்வ கையால மூடிட்டு, லைன்ல மிச்சம் இருக்கற கேஸ ஓட்டி தீருங்க, தானா பெட்ரோலுக்கு மாறிடும். அந்த ஓட்டத்துலயே சைலன்சரும் சூடாவும், அஞ்சு பத்து நிமிஷம் போதும். லேசான சூட்டுல மரை விரிஞ்சு கொடுக்கும், ஆனா கொதிக்கிற சூட்டுல கை வைக்காதீங்க, கொஞ்சம் ஆற விட்டு தடி கையுறை போட்டுக்கோங்க. இஞ்சின் ஆஃப், பேட்டரி மைனஸ் கழட்டல், அப்புறம் கப்ளர் கழட்டல். சூடு வைக்கறேன்னு கேஸ் வெல்டிங் டார்ச்ச மட்டும் சிஎன்ஜி வண்டிக்கு அடில கொண்டு போகாதீங்க, யார் சொன்னாலும் கேக்காதீங்க.

சென்சார் நட்டு 22 மில்லிமீட்டர். வயர் வெளிய வர்றதுக்கு பக்கத்துல வெட்டு விட்ட பாக்ஸ் ஸ்பானர் ஒண்ணு இதுக்குன்னே கிடைக்கும். ஆனா துரு ஏறின சென்சார்ல அந்த வெட்டு பாக்ஸ் விரிஞ்சு நட்ட உருட்டிடும். நிச்சயமா தூக்கிப்போடற சென்சார் தான்னா அதோட வயர வெட்டிட்டு முழு 22 ரிங் ஸ்பானர் இல்ல ஆழமான பாக்ஸ் போடுங்க, நாலா பக்கமும் கவ்விப் பிடிக்கும், நான் அப்படித்தான் பண்ணேன். அடில படுத்துக்கினு பாக்கும்போது எந்தப் பக்கம் லூஸு எந்தப் பக்கம் டைட்டுன்னு குழம்பும், வயர் வெளிய வர்ற முனையில இருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் தான் லூஸு. ஸ்பானர் பின்னாடி ஒரு பைப்ப சொருகி மெதுவா அழுத்திக்கினே வந்தேன், அசையல, இன்னும் கொஞ்சம் அழுத்தம், டக்குன்னு வேர்க்கடலை ஓடு ஒடையற மாதிரி ஒரு சத்தம், ஒரு நிமிஷம் மரை போயிடுச்சோன்னு பயந்துட்டேன், இல்ல, துரு தான் விட்டுச்சு.

இங்கதான் அவசரப்படக்கூடாது. அசைஞ்சிடுச்சேன்னு ஒரே மூச்சா சுத்தாதீங்க. கால் சுத்து லூஸு, திரும்ப கொஞ்சம் டைட்டு, கொஞ்சம் ஸ்ப்ரே, ஒரு நிமிஷம் சும்மா இருங்க, திரும்ப கால் சுத்து. இறுக்கமா வருதுன்னா முன்ன பின்ன ஆட்டி ஆட்டி தான் எடுக்கணும், வீம்பு புடிச்சா சென்சாரோட சேத்து பைப்புல இருக்கற மரையும் உரிஞ்சிக்கினு வந்துடும், அப்புறம் வெல்டிங், லேத்துன்னு செலவு எங்கயோ போயிடும். எனக்கு முழுசா வெளிய வர இருபது நிமிஷம் ஆச்சு.

வெளிய வந்தத உடனே குப்பைல போடாம அதோட மூக்க பாருங்க. கன்னங்கரேல்னு மெத்துனு கரி இருந்தா வண்டி பெட்ரோல் அதிகமா எரிச்சிருக்கு. வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தா யாரோ சிலிக்கான் கேஸ்கெட் பேஸ்ட்ட கண்டபடி அப்பியிருக்காங்க, இல்ல கூலன்ட் உள்ள கசியுது. எண்ணெய் பிசுக்கோட சாம்பல் ஒட்டியிருந்தா இஞ்சின் ஆயில் குடிக்குது. இதுல எதாவது இருந்து அத சரி பண்ணாம புதுசு போட்டா அதுவும் சீக்கிரமே சாகும். என்னோடது லேசா பழுப்பு சாம்பல் கலர்ல நல்லாதான் இருந்துச்சு, ஹீட்டர் மட்டும் வயசாகி போயிருக்கு.

பைப்புல இருக்கற மரைய சுத்தம் பண்ணணும். 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச், அதே அளவு டேப்ப (ஒட்டற டேப் இல்ல, மரை வெட்டற டேப்) கையால மெதுவா விட்டு துருவ வெளிய எடுங்க, உள்ள விழாம கொஞ்சம் கிரீஸ் டேப்ல தடவிக்கோங்க, அப்புறம் அந்த கிரீஸ துணியால சுத்தமா துடைச்சிடுங்க.

புது சென்சார பெட்டில இருந்து எடுக்கும்போதே ஜாக்கிரதை, உள்ள பீங்கான், கீழ விழுந்தா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள கீறல் விட்டிருக்கும். மூக்குல விரல் படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது. மரைல ஏற்கனவே சாம்பல் கலர்ல பேஸ்ட் தடவி வந்தா அதுவே போதும், இல்லன்னா மரை இறுகி ஒட்டிக்காம இருக்க சென்சாருக்குன்னு விக்கற ஆன்டி சீஸ் பேஸ்ட் மரைல மட்டும் லேசா. மொத ரெண்டு மூணு சுத்து கண்டிப்பா விரலால தான் போகணும், விரலால போகலன்னா மரை குறுக்க ஏறுதுன்னு அர்த்தம், எடுத்துட்டு திரும்ப வையுங்க. வயர் சென்சாரோட சேந்து முறுக்கிக்கும், அதனால மாட்டறதுக்கு முன்னாடியே வயர எதிர்ப்பக்கம் நாலஞ்சு சுத்து முறுக்கி வச்சா இறுக்கி முடிக்கும்போது நேரா வந்துடும். எவ்ளோ இறுக்கறோம்னு அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் இருந்தா பெரும்பாலும் 40ல இருந்து 50 நியூட்டன் மீட்டர், உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கறது தான் கடைசி. ரெஞ்ச் இல்லன்னா கையால முட்டற வரைக்கும் போயி, வாஷர் அமுங்கற மாதிரி அரை சுத்துல இருந்து முக்கா சுத்து. கழட்டறதுக்கு போட்ட பைப்ப இறுக்கறதுக்கு போடாதீங்க.

வயர பழைய கிளிப்புலயே மாட்டுங்க, சைலன்சர் மேலயோ ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மேலயோ படாம பாத்துக்கோங்க. கப்ளர்ல சீல் ஒழுங்கா உக்காந்து லாக் டிக்குன்னு விழணும். உப்பு வரக்கூடாதுன்னு கப்ளர் பூரா கிரீஸ அடைக்காதீங்க, மேல சொன்ன மாதிரி அது மூச்சு விடற வழி.

பேட்டரி மாட்டி, கோட அழிச்சிட்டு, ஸ்டார்ட் பண்ணுங்க. பேட்டரி கழட்டினதால கொஞ்ச நேரம் ஐடிலிங் ஏறி இறங்கும், பயப்படாதீங்க. புஸ்ஸுன்னு லீக் சத்தம் இல்லன்னா ஸ்கேனர் ஆப்ல லைவ் டேட்டா தொறங்க. சூடானதும் மொத சென்சார் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவுல ஆடணும், ரெண்டாவது பெருசா ஆடாம 0.6, 0.7 கிட்ட நிலையா நிக்கணும். ரெண்டாவதும் மொதது மாதிரியே ஆடுதுன்னா கன்வெர்ட்டர் போச்சுன்னு சந்தேகப்படலாம். ஈசியூ எரிபொருள எவ்ளோ கூட்டுது கொறைக்குதுன்றத ஃப்யூல் ட்ரிம்ன்னு சதவீதத்துல காட்டும், கூட்டல் கழித்தல் 10க்குள்ள இருந்தா நல்லது. நான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல எர்ணாவூர் வரைக்கும் பெட்ரோல்ல போயி, சிலிண்டர் வால்வ தொறந்து கேஸ்ல திரும்பி வந்தேன், ரெண்டுலயும் நம்பர் சரியா நின்னுச்சு.

சில பேர் சென்சார் கப்ளர கழட்டி விட்டா வண்டி ஓடுதே, அப்படியே விட்ருன்னு சொல்வாங்க. ஓடும் தான். ஈசியூ கண்ண கட்டின மாதிரி ஒரு கணக்குல பெட்ரோல ஊத்திக்கினே இருக்கும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டர்ல போயி எரிஞ்சு அத உருக்கிடும், கன்வெர்ட்டர் விலை சென்சார் விலைய விட பல மடங்கு. அதோட மணலி, எண்ணூர் பக்கம் காத்து ஏற்கனவே எப்படி இருக்குன்னு இங்க பொறந்து வளந்த நமக்கு தெரியும், நம்ம வண்டி புகையும் நம்ம தெரு பசங்க மூக்குல தான் போகுது.

மீன் வண்டிக்காரங்க கடைசியா இது ஒண்ணு பண்ணுங்க. கப்ளருக்கு மேல, பாடியோட அடில, பழைய மட் ஃப்ளாப் ரப்பர ஒரு கூரை மாதிரி வெட்டி போல்ட் போட்டு மாட்டிடுங்க, சைலன்சர்ல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கணும். லோடு இறக்கினதும் மேல மட்டும் கழுவாம அடிலயும் நல்ல தண்ணி அடிச்சு விடுங்க, சைலன்சர் ஆறினதுக்கு அப்புறம், கப்ளர் மேல பிரஷர் அடிக்காம. மாசம் ஒரு தடவ அந்த கப்ளர கழட்டி டார்ச் அடிச்சு பாருங்க, பச்சை தெரிய ஆரம்பிச்சா அன்னிக்கே சுத்தம் பண்ணிடுங்க. மச்சான் வண்டில இப்ப அந்த ரப்பர் கூரை இருக்கு, போன வாரம் பாத்தேன், பின்னு எல்லாம் மாட்டின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு.